கரி அறையில் வெள்ளைமூக்கி

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் நான்தான் கடைசி.

பள்ளிக்கூட வேன் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, காலி இருக்கைகளோடு ஆடி ஆடி வந்து, கடைசியாக என்னை இறக்கிவிடும். வேன் ஓட்டும் அண்ணன் முதல் பிள்ளை இறங்கும்போது, "பாத்து இறங்கு கண்ணு!" என்பார். என் முறை வருவதற்குள் அவருக்குப் பேச்சே தீர்ந்துபோயிருக்கும். கதவைத் திறப்பார், மூடுவார், அவ்வளவுதான்.

வீட்டுச் சாவி பின்பக்கம் கவிழ்த்து வைத்த வாளிக்கு அடியில் இருக்கும். நானே எடுத்து, நானே திறந்து, "நான் வந்துட்டேன்" என்று நானே சொல்லிக்கொள்வேன். யாரும் "வா" என்று சொல்லமாட்டார்கள். ஆள் இருந்தால்தானே!

அம்மா தூரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். என் தம்பி ஓர் அவசரக்குடுக்கை. பிறக்க வேண்டிய நாளுக்கு ரொம்ப முன்னாடியே பிறந்துவிட்டான். அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மா பெட்டியைவிட்டு நகரவே இல்லை. நான் இன்னும் அவனைப் பார்க்கவில்லை. 'சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை' என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறதாம். உள்ளே படுத்திருக்கிறவன் மட்டும் என்ன பெரிய ஆளா? இதைக் கேட்டால் எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பாவுக்குக் காலையில் பால் வண்டி. மதியம் ஆஸ்பத்திரி. திரும்பும் வழியில் தீவனக் கடை. அப்புறம் எங்கள் மாட்டுக் கொட்டகை. எல்லாம் முடித்துவிட்டு என் அறைக் கதவைக் கொஞ்சமாகத் திறப்பார்.

"நண்டு, சாப்பிட்டியா?"

"ம்."

உடனே விளக்கு அணைந்துவிடும். நண்டு என்பது நான்தான். என் உண்மைப் பெயரை யாரும் கூப்பிட்டு நாளாகிவிட்டது.

கொட்டகையைக் கவனித்துக்கொண்டது மாமா. அம்மாவின் தம்பி. அவருக்கு 'எக்ஸ்பிரஸ் மாமா' என்று பேர் வைத்தது நான்தான். நின்றுகொண்டே சாப்பிடுவார். நடந்துகொண்டே பல் தேய்ப்பார். நாம் ஒரு கேள்வி கேட்டால், பதில் பக்கத்து அறையிலிருந்து வரும். நல்ல மனுஷர்தான். ஆனால் அவரோடு பேசுவதற்கு நாமும் கூடவே ஓட வேண்டும்.

அதனால் நான் பேசியது வெள்ளைமூக்கியோடு.

வெள்ளைமூக்கி என் தம்பி பிறந்த அதே வாரம் பிறந்த கன்றுக்குட்டி. உடம்பெல்லாம் பழுப்பு, மூக்கு மட்டும் வெள்ளை. அவளுக்கு என் மேல் கொள்ளை ஆசை. நான் போனதும் எழுந்து வந்து என் விரலைப் பிடித்துச் சப்புவாள். சும்மா இல்லை, கையே கழன்றுவிடும்போல இழுப்பாள். நான் பள்ளிக்கூடத்தில் நடந்தது எல்லாவற்றையும் சொல்வேன். பொறுமையாகக் கேட்பாள். நடுவில் ஒருமுறைகூட, "சரி சரி, வெச்சிடறேன்" என்று சொன்னதில்லை.

ஒருநாள் சாயங்காலம் நான் போனபோது அவள் எழுந்திருக்கவில்லை.

விரலை நீட்டினேன். சப்பவில்லை. வாய் சில்லென்று இருந்தது. வாலும் பின்னங்கால்களும் மஞ்சளாக நனைந்து நாறின.

"மாமா! வெள்ளைமூக்கிக்கு வயித்தால போகுது!"

மாமா ஓடி வந்து பார்த்தார்.

"பால் கூடிப்போயிருக்கும். ஒருநாள் பாலை நிறுத்திட்டா வயிறு ஓஞ்சிடும். நீ கையக் கழுவிட்டுப் போய்ப் படி."

மறுநாள் வேன் என்னை இறக்கிவிட்டதும், பையைக்கூட வைக்காமல் கொட்டகைக்கு ஓடினேன். வெள்ளைமூக்கி தலையைத் தரையில் போட்டுப் படுத்திருந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. நான் கூப்பிட்டதற்குக் காதைக்கூட அசைக்கவில்லை. எனக்குப் பகீர் என்றது.

"மாமா, டாக்டரைக் கூப்பிடுங்க."

"நாளைக்குக் காலையில..."

"இப்பவே! இல்லன்னா நான் இங்கயே உக்காந்துக்குவேன். சாப்பிட மாட்டேன். அழுவேன். சத்தமா அழுவேன்."

மாமாவுக்கு என் அழுகையின் சத்தம் தெரியும். உடனே போனை எடுத்தார்.

மாட்டு டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். உயரமான பெண்மணி. அவருக்கு ஒரு கஷ்டம், வைக்கோல் தூசி ஆகாது. கொட்டகைக்குள் கால் வைத்ததும் தும்மல் ஆரம்பித்துவிடும். இன்னொரு வேடிக்கை, அவர் எந்த மாட்டையும் மரியாதை இல்லாமல் கூப்பிடமாட்டார்.

"வணக்கம் மேடம். அச்! வாயக் கொஞ்சம் திறக்கறீங்களா? அச்!"

கையுறை போட்ட விரலை வெள்ளைமூக்கியின் வாய்க்குள் வைத்துப் பார்த்தார். காதுகளைத் தொட்டார். கண்ணுக்கும் இமைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். பிறகு கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டார்.

நான் உடனே என் கையில் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். என் தோல் பட்டென்று படிந்துவிட்டது. வெள்ளைமூக்கியின் தோல் கூடாரம் போட்டமாதிரி அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மெதுவாக இறங்கியது.

"உடம்புல தண்ணியே இல்ல," என்றார் டாக்டர். "பால் குடுக்கறீங்களா?"

"நேத்தே நிறுத்திட்டேன் டாக்டர்," என்றார் மாமா பெருமையாக. "வயிறு ஓயட்டும்னு."

"வயிறு ஓயாது. இவங்கதான் ஓஞ்சு போவாங்க. பசியும் சேர்ந்துக்கிச்சு, பாருங்க."

மாமாவின் முகம் சுண்டிப்போனது.

டாக்டர் கொஞ்சம் சாணத்தை ஒரு சின்னக் குப்பியில் எடுத்து, அதில் ஏதோ திரவத்தைக் கலந்து, ஓர் அட்டைமேல் சொட்டுவிட்டார். எல்லாரும் அட்டையையே பார்த்தோம். மெதுவாக ஒரு கோடு தெரிந்தது.

"வைரஸ். ஒட்டுவாரொட்டி," என்றார் டாக்டர்.

"ஊசி ஒண்ணு போட்டா டக்குனு நின்னுடாதா?" என்றார் மாமா.

"இந்தக் கிருமியக் கொல்ற ஊசி என்கிட்ட இல்ல. இவங்க உடம்பே சண்டை போட்டு விரட்டிடும். அதுவரைக்கும் தண்ணி வத்தாமப் பாத்துக்கணும். கன்னுங்க இதுல சாகறது பெரும்பாலும் தண்ணி வத்தித்தான்."

உத்தரத்தில் ஒரு கயிறு கட்டி, அதில் குளுகோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார். கழுத்து நரம்பில் ஊசி ஏறியபோது வெள்ளைமூக்கி அசையவே இல்லை. பாட்டில் பாதி இறங்கியபிறகு காது லேசாக ஆடியது. நான் மூச்சு விட்டேன்.

டாக்டர் மாமாவிடம் உப்புப் பொடி கொடுத்தார். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொடுக்க வேண்டும். பாலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது. கன்றைத் தனியாக வைக்க வேண்டும். தனி பாட்டில், தனி வாளி.

பிறகு அவர் அப்பாவிடம் போனில் பேசினார். "இந்த மாதிரிக் கிருமியில சிலது மனுஷங்களுக்கும் ஒட்டும். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைக்குழந்தையப் பாக்கறவரு. இந்தக் கன்னு பக்கமே வராதீங்க."

கடைசியில் என் பக்கம் திரும்பினார். பார்த்தீர்களா, இங்கேயும் நான் கடைசி!

"நகம் கடிப்பியா?"

நான் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"அப்ப நீ உள்ள போகக் கூடாது. வாசல்ல இருந்து பாக்கலாம். தொடக் கூடாது."

அனுமதி இல்லாத கதவுகள் எனக்கு இப்போது இரண்டாகிவிட்டன.

வெள்ளைமூக்கியைக் கரி அறைக்கு மாற்றினார்கள். கொட்டகையின் ஓரத்தில் இருக்கும் அந்த அறையில், முன்பு யாரோ அடுப்புக்கரி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்களாம். எத்தனை தடவை கழுவிவிட்டாலும் தரை கறுப்புத்தான். மேலே எவ்வளவு வைக்கோல் போட்டாலும் வாசல் பக்கம் கரித்தூள் மிதிபடும். ஒரே நாளில் வெள்ளைமூக்கியின் மூக்கு கறுத்துவிட்டது. வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வேன். நடுவில் ஒரு தடுப்புப் பலகை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் என்னைப் பார்ப்பாள். எழுந்து வர முடியாது. என்னாலும் உள்ளே போக முடியாது. மற்ற கன்றுகள் எல்லாம் கொஞ்சம் தள்ளிப் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும். இவள் மட்டும் எப்போதாவது மெல்லிய குரலில் "ம்மா" என்பாள். யாரும் திருப்பிக் கூப்பிடமாட்டார்கள். அந்தக் குரலைக் கேட்டால், ஆளில்லாத வீட்டில் நான் "வந்துட்டேன்" என்று சொல்வது எனக்கே கேட்பது மாதிரி இருக்கும்.

அன்று அம்மா போன் செய்தாள். ஆஸ்பத்திரி என்பதால் கிசுகிசுவென்றுதான் பேசுவாள்.

"கண்ணு, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா. அம்மா, வெள்ளைமூக்கிக்கு..."

"ஐயோ, நர்ஸ் கூப்பிடறாங்கடா. அப்புறம் பேசறேன், என்ன?"

போன் ஊமையாகிவிட்டது. நான் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு மிச்சக் கதையையும் சொல்லி முடித்தேன். பாதியில் விட்டால் நன்றாக இருக்காது இல்லையா?

வெள்ளைமூக்கியோடு நோய் நின்றுவிடும் என்றுதான் நினைத்தோம். ஆனால் அடுத்த சில நாட்களில் இன்னொரு கன்றுக்கு வயிற்றால் போனது. அதையும் கரி அறைக்குக் கொண்டுவந்து, நடுவில் பலகை வைத்துக் கட்டினார்கள். அதற்கப்புறம் ஆட்டுக்குட்டிகளில் ஒன்று படுத்துவிட்டது. அதையும் கரி அறைக்கு மாற்றினார்கள். ஆட்டுக்குட்டிகள் கொட்டகையின் அந்தக் கடைசியில் தனியாக இருப்பவை. அவ்வளவு தூரம் கிருமி எப்படிப் போனது?

டாக்டர் மறுபடியும் வந்தார். தும்மினார், அட்டையில் சொட்டுவிட்டார், அதே கோட்டைப் பார்த்தார்.

"தனி பாட்டில்தானே?"

"சத்தியமா டாக்டர்! தனி பாட்டில், தனி வாளி."

"கைய, பூட்ஸ எல்லாம் கழுவறீங்களா?"

"தினமும் கழுவறேன்!"

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கிருமிக்குக் கால் கிடையாது. யாரோதான் தூக்கிட்டுப் போறாங்க. இப்படியே ஒவ்வொண்ணா விழுந்தா ரொம்பக் கஷ்டம்."

அன்று சாயங்காலம் அப்பா கொட்டகை வாசலில் நின்றபடியே மாமாவிடம் சொன்னார். "மத்த ரெண்டும் நிக்குது, நடக்குது. வெள்ளைமூக்கிதான் எழுந்திருக்கவே இல்ல. அதுகிட்ட இருந்துதான் எல்லாத்துக்கும் வந்திருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வண்டி வரச் சொல்லியிருக்கேன். என் கூட்டாளியோட பழைய குடோன் சும்மாதான் கிடக்கு. அங்க கொண்டுபோய் விட்டுடலாம்."

"அங்க யாருப்பா பாத்துக்குவாங்க?" என்றேன்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு உப்புத் தண்ணி குடுப்பாங்க?"

"நண்டு, மத்ததையாவது காப்பாத்தணும்டா. அப்பாவுக்கும் வேற வழி தெரியல."

அவர் குரல் களைத்திருந்தது. அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அறைக்குப் போய்த் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சத்தமாக அழுவேன் என்று மாமாவை மிரட்டினேனே, அதெல்லாம் யாராவது கேட்பதற்கு இருந்தால்தான். தனியாக இருக்கும்போது அழுகைக்குச் சத்தமே வருவதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேன் இல்லை. விடிந்ததும் நான் கொட்டகைக்குப் போய் என் வாளியில் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் வரை அவளோடு இருந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மற்ற நாட்களில் நான் இந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். மாமாவின் காலை வேலையை நான் பார்த்ததே இல்லை.

மாமா வழக்கம்போலப் புயலாக வந்தார். நேராகக் கரி அறைக்குள் நுழைந்தார். வெள்ளைமூக்கியின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, உப்புத் தண்ணீர் கொடுத்தார். மற்ற இரண்டுக்கும் கொடுத்தார். கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு ஓட்டமாகக் கன்றுகளிடம் போனார். அங்கிருந்து ஆட்டுக்குட்டிகளிடம். குழாயைத் திறந்து தரையைக் கழுவப் போவதற்குள் யாரோ அவரை வெளியே கூப்பிட்டார்கள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். குனிந்ததால்தான் அதைப் பார்த்தேன்.

கரி அறை வாசலிலிருந்து சிமெண்டுத் தரையில் கறுப்பாகக் கால்தடங்கள் போயின. மாமாவின் ரப்பர் பூட்ஸ் தடங்கள். கோடு கோடாக, அச்சடித்தமாதிரி.

நான் எழுந்து அவற்றின் பின்னாலேயே நடந்தேன். தடங்கள் வரிசையில் முதலாவதாக இருந்த இடத்தின் வழியாகப் போயின. அங்கே நல்ல கறுப்பு. அது காலியாக இருந்தது. இரண்டாவதாக நோய் வந்ததே, அந்தக் கன்றின் இடம்! அங்கிருந்து அடுத்த கன்றுகள் பக்கம். கொஞ்சம் மங்கல். பிறகு கடைசிவரை போய், ஆட்டுக்குட்டிகளின் வைக்கோலுக்குள் நுழைந்து மறைந்தன. வைக்கோலிலும் கரி ஒட்டியிருந்தது. ஒரு குட்டி அதை மோந்து பார்த்துவிட்டு நக்கப் போனது.

"சீ! துப்பு!" என்று கத்தி அதை விரட்டினேன்.

என் கத்தலைக் கேட்டு மாமா ஓடி வந்தார். கையில் குழாய்.

"மாமா, நில்லுங்க! கழுவாதீங்க! அசையாதீங்க!"

எக்ஸ்பிரஸ் மாமா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். "என்னடா, பாம்பா?"

"உங்க பூட்ஸ் மாமா. கரியப் பாருங்க. கரி எங்கெல்லாம் போயிருக்கோ, வெள்ளைமூக்கியோட அழுக்கும் அங்கெல்லாம் போயிருக்கு."

மாமா தரையைப் பார்த்தார். கரி அறையைப் பார்த்தார். காலியான கன்றின் இடத்தைப் பார்த்தார். தூக்கிய காலை இறக்கவே இல்லை.

"நீங்க ஏன் மாமா முதல்ல கரி அறைக்குப் போறீங்க?"

"பாவம்டா அது. காலையில கண்ணு முழிச்சதும் அது இருக்கா இல்லையான்னுதான் மனசு அடிச்சுக்கும். நேரா அங்கதான் ஓடுவேன். பூட்ஸக் கழுவறேன்டா, நிஜமா! எல்லா வேலையும் முடிஞ்சதும் தரையக் கழுவறப்போ..."

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே ஒரு தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அப்ப நானேதான் தூக்கிட்டுப் போயிருக்கேனா?"

அவர் கண் கலங்கி அதுவரை நான் பார்த்ததே இல்லை. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"நீங்க இல்ல மாமா. உங்க பூட்ஸ்தான்," என்றேன்.

டாக்டர் வந்தபோது தடங்கள் அப்படியே இருந்தன. நான் காவல் காத்தேனே! கொட்டகை நெடுகக் குனிந்துகொண்டே நடந்தார். தும்மக்கூட மறந்துவிட்டார்.

"பூட்ஸக் கழுவறீங்களான்னு கேட்டேன். எப்ப கழுவறீங்க, யார முதல்ல பாக்கறீங்கன்னு கேக்கவே இல்லையே நான்!" என்று தன் தலையில் தட்டிக்கொண்டார்.

பால் வண்டியை நிறுத்திவிட்டு வந்த அப்பா வாசலில் நின்றிருந்தார். "அப்ப கன்ன அனுப்ப வேணாமா டாக்டர்?"

"அனுப்பினா அவங்க செத்துடுவாங்க. இங்க வரிசைய மாத்தினா போதும். நல்லா இருக்கற சின்னக் குட்டிங்க முதல்ல. அப்புறம் நல்லா இருக்கற கன்னுங்க. நோயாளிங்க எல்லாருக்கும் கடைசி. கரி அறைக்குன்னு தனி பூட்ஸ். அது அந்த வாசலைத் தாண்டக் கூடாது."

"கடைசியா?" என்றேன்.

இந்தத் தடங்களைக் கண்டுபிடித்ததே நான்தான். அதற்குப் பரிசாக வெள்ளைமூக்கியைக் கொண்டுபோய்க் கடைசியில் நிறுத்திவிட்டேனே!

"கடைசின்னா பாவம் இல்லையா? எல்லாரையும் பாத்துட்டு, களைச்சுப்போய் வருவாங்க. 'சாப்பிட்டியா'ன்னு கேப்பாங்க. 'ம்'னு சொல்றதுக்குள்ள போயிடுவாங்க. அதுக்கு எப்படி இருக்கும்?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவ்வளவு பேசியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. காது சூடாகிவிட்டது.

டாக்டர் பையிலிருந்து சின்னக் கையுறை ஒரு ஜோடி எடுத்து என்னிடம் நீட்டினார். "மாமாகூட மட்டும் உள்ள போகலாம். வெளிய வந்ததும் சோப்பு. நகத்தக் கடிச்சேன்னு தெரிஞ்சுது..."

"கடிக்க மாட்டேன்!"

அப்பா போன் செய்து வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வரிசை மாறியது. முதலில் ஆட்டுக்குட்டிகள். பிறகு கன்றுகள். மாமா என்னவோ தப்புச் செய்கிறவர் மாதிரி கரி அறைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். கடைசியாக நாங்கள் இருவரும் பூட்ஸ் மாற்றிக்கொண்டு உள்ளே போனோம். மற்ற இரண்டும் மடமடவென்று குடித்துவிட்டன. வெள்ளைமூக்கி நாலு வாய் குடித்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மாமா பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து ஓடப் போனார்.

"எங்க மாமா போறீங்க?"

"அடுத்து..."

நின்றுவிட்டார். கொட்டகையை ஒரு சுற்று பார்த்தார்.

"அடுத்து யாரு?" என்றேன்.

"அடுத்து... யாரும் இல்லடா."

"அப்ப உக்காருங்க."

மாமா உட்கார்ந்தார். அவருக்கு உட்காரத் தெரியவில்லை. காலை எங்கே வைப்பது என்று குழம்பினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைமூக்கி தலையை நகர்த்தி அவர் மடிமேல் வைத்தாள். அவர் பாட்டிலை மறுபடி அவள் வாயில் வைத்தார். ஒரு வாய் குடித்தாள். காத்திருந்தோம். இன்னொரு வாய். மறுபடி காத்திருந்தோம். வேறு எங்கேயும் போக வேண்டியதில்லை. பாட்டில் காலியாகும்வரை உட்கார்ந்திருந்தோம். அவர் என்னிடம் என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக்கூடக் கேட்டார். பதிலை முழுதாகக் கேட்டார்!

அதற்குப் பிறகு எந்தக் கன்றும் விழவில்லை. ஆட்டுக்குட்டி முதலில் தேறி, தடுப்புப் பலகையைத் தாண்டிக் குதித்து மாமாவின் சட்டையைத் தின்றது. இன்னொரு கன்றும் தேறியது. வெள்ளைமூக்கிக்குத்தான் நாளானது. ஒவ்வொரு சாயங்காலமும் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டுப் பார்ப்பேன். கூடாரம் வேகமாக இறங்க ஆரம்பித்தது.

ஒருநாள் கையுறை போட்ட விரலை நீட்டினேன். மோந்து பார்த்தாள். பிறகு கப்பென்று பிடித்துச் சப்பினாள். கை கழன்றுவிடும்போல இழுத்தாள். கையுறை அவள் வாயோடு போய்விட்டது.

"மாமா! சப்பறா! மாமா, சப்பறா!"

மாமா கையுறையைப் பிடுங்கிக்கொண்டே சிரித்தார். நான் அழுதேன். இந்தமுறை நல்ல சத்தம் வந்தது.

அன்று ராத்திரி என் அறைக் கதவு திறந்தது. நான் கேள்விக்கு முன்னாடியே, "சாப்பிட்டேன்பா," என்றேன்.

அப்பா விளக்கை அணைக்கவில்லை. குளித்துத் தலை துவட்டி, சட்டை மாற்றியிருந்தார். உள்ளே வந்து தரையில், என் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அடுத்து எங்கப்பா போகணும்?"

அப்பா விரல்விட்டு எண்ணினார். "பால் வண்டி ஆச்சு. ஆஸ்பத்திரி ஆச்சு, உன் தம்பி கொஞ்சம் எடை போட்டிருக்கான். தீவனக் கடை ஆச்சு. கொட்டகை ஆச்சு." சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அடுத்து யாரும் இல்ல."

"மாமா சொன்னாரா?"

"சொன்னான். நின்னு சொன்னான்டா, ஓடாம!" அப்பா காலை நீட்டிக்கொண்டார். "சொல்லு. இன்னைக்கு என்னெல்லாம் நடந்துச்சு?"

நான் கட்டிலைவிட்டு இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வேனிலிருந்து ஆரம்பித்தேன்.